ஆபத்தில் சிக்கிய டாக்சி ஓட்டுநர் சத்தமில்லாமல் உதவி கேட்பது எப்படி?

உங்கள் அண்ணன் இரவில் டாக்சி ஓட்டுகிறார். கூரை விளக்கு சிவப்பாக மின்னும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, “எல்லா டாக்சிக்கும் இப்படி ஒரு ரகசிய சைகை உண்டா, அண்ணனுக்கு அதைச் சொல்லித்தர முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சைகையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உங்கள் கவலை வேறு என்று நினைக்கிறேன். பின் சீட்டில் இருப்பவன் கத்தியை எடுத்துவிட்டால், அவனுக்குத் தெரியாமல் வெளியே தகவல் போக வழி இருக்கிறதா? போனால் யாராவது வருவார்களா? சுருக்கமாகச் சொன்னால், உலகம் முழுக்கப் பொதுவான சைகை எதுவும் கிடையாது. சில நாடுகளில் வண்டியிலேயே அதற்கான ஏற்பாடு உண்டு. மற்ற இடங்களில் ஓட்டுநரும் அவருக்கு வேண்டியவர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது மட்டுமே வேலை செய்யும். நான் ஒரு டாக்சி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தவன், பிறகு புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். கத்தி முனையில் வண்டி ஓட்டியவன் இல்லை. ஆயுதத்தை எப்படித் தட்டிப் பறிப்பது என்பது போன்ற விஷயங்களுக்குள் போகவும் மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஜப்பான் வீடியோவாக இருக்கும். அங்கே டாக்சியின் கூரையில் நிறுவனப் பெயருடன் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருக்கும். ஓட்டுநர் மறைவாக இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது சிவப்பாக விட்டுவிட்டு எரியும். முன் கண்ணாடிக்குப் பின்னால் வண்டி காலியா இல்லையா என்று காட்டும் எழுத்துப் பலகையும் சில வண்டிகளில் ‘எஸ்ஓஎஸ்’ என்று மாறும். இதைப் பார்ப்பவர்கள் போலீசின் அவசர எண்ணான 110-ஐ அழைக்க வேண்டும் என்று அங்கே மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மஞ்சள் டாக்சிகளில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிற விளக்குகள் உண்டு. ‘ட்ரபிள் லைட்’ என்று பெயர், நகர டாக்சி ஆணையத்தின் விதிகளில் இடம்பெற்றது. ஜெர்மனியில் டாக்சிக்கு அலாரம் வேண்டும் என்பது வெகு காலமாகவே சட்ட விதி. பழைய வகை ஹார்னை அலறவிட்டு விளக்குகளை மின்ன வைக்கும். பிறகு வந்த ‘அமைதி அலாரம்’ கூரைப் பலகையில் சிவப்பு விளக்கை மட்டும் மின்ன வைக்கும், வண்டிக்குள் ஒன்றும் கேட்காது. இதே யோசனை பேருந்துகளுக்கும் போயிருக்கிறது. வட அமெரிக்காவின் பல நகரப் பேருந்துகளில், ஊர்ப்பெயர் ஓடும் பலகையில் ‘அவசரம், போலீசை அழையுங்கள்’ என்று வரவைக்க ஓட்டுநருக்கு ஒரு பொத்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகளில் விளக்கைவிட சுவிட்ச்தான் சூட்சுமம். இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் என்று ரிலே அடிக்குமே, அந்த ரிலேயிலேயே இந்த விளக்கையும் இணைத்துவிட்டால் பின்னால் இருப்பவனுக்கு விஷயம் புரிந்துவிடும். டேஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு எல்இடி கூடவே எரிந்தாலும் அதே கதைதான். நல்ல சுவிட்ச் ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் உயரத்திலோ, இடது கால் ஓய்வெடுக்கும் இடத்திலோ இருக்கும். அதை அழுத்த உடம்பு சாய வேண்டியதில்லை, தோள் அசைய வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கை தெரியாது, தோள் அசைவது தெரியும். கூரை விளக்கை உள்ளிருந்து பார்க்க முடியாது என்பது பகலில் சரி. இரவில் மழை பெய்த தார்ச்சாலையிலும் கண்ணாடி முகப்புள்ள கட்டடங்களிலும் அந்தச் சிவப்பு அடித்துத் திரும்பும். அதனால் போக்குவரத்தில் மற்ற வண்டிகளுக்கு நடுவே போகும்போது அழுத்துங்கள், ஆளில்லாத ஒற்றைச் சாலையில் வேண்டாம் என்று பயிற்சியில் சொல்வோம். அங்கே பார்ப்பதற்கும் ஆள் இருக்கப்போவதில்லை.

இவ்வளவு செய்தும் இந்த விளக்குகள் தோற்கிற இடம் ஒன்று உண்டு: பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. சிக்னலில் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, “உங்க மேல் விளக்கு என்னமோ மின்னுது பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போகிற நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தான உதவி கிடையாது. அப்படி ஒரு விளக்கைப் பார்த்தால் ஓட்டுநரின் கண்ணைத் தேடாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், முந்திப்போய் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். எண், நிறம், எந்தச் சாலை, எந்தத் திசை, உள்ளே எத்தனை தலை தெரிகிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பின்தங்கிய பிறகு அந்த நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள். ஓட்டுநர் தெரியாமல் கையை வைத்து அழுத்தியிருக்கலாம், அது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அது தவறுதலா இல்லையா என்று சாலையில் நின்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையது இல்லை.

இனி நான் கிட்டத்திலிருந்து பார்த்த பகுதிக்கு வருகிறேன். சாலையில் போகும் முகமறியாதவரைவிட நம்பகமானவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். அவருக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் ஒரு ரகசிய வாக்கியம் இருக்கும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. எண்ணாக இருக்கக் கூடாது. “கோட் பத்து” என்று வயர்லெஸில் யாராவது சொன்னால் பயணி நிமிர்ந்து உட்காருவான். சலிப்பூட்டும் அன்றாட வாக்கியமாக இருக்க வேண்டும், ஆனால் அந்த நிறுவனத்தில் வேறு எந்தக் காரணத்துக்கும் யாரும் சொல்லாததாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது நினைப்பதைவிடக் கடினம். உதாரணத்துக்கு ஒன்றை நானே உருவாக்கிக் காட்டுகிறேன். தொலைந்துபோன நீலக் குடை என்பது சைகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கேட்கிறார்: “கன்ட்ரோல், அந்த நீலக் குடையை யாராவது வந்து கேட்டாங்களா?” இங்கிருந்து பதில்: “இன்னும் இல்லை, எழுதி வச்சிருக்கேன். அடுத்த சவாரி நாலு பேர் இருக்காங்க. இப்போ உங்க வண்டியில எத்தனை பேர்?” “ரெண்டு.” “இறக்கிவிட்டுட்டு ஸ்டேஷன் பக்கம் வந்துடுவீங்களா?” “இல்ல, நான் வடக்கே பைபாஸ்ல போறேன்.” “சரி, ஏசி கோளாறுன்னு சொன்னீங்களே, இப்போ எப்படி இருக்கு?” “இன்னும் கோளாறாத்தான் இருக்கு.” பின்னால் இருப்பவர்கள் காதில் விழுவது அலுவலக நச்சரிப்பு. எங்களுக்குக் கிடைத்ததோ ஆட்கள் இரண்டு பேர், வண்டி வடக்கே பைபாஸில், அவர்களிடம் ஆயுதம் இருக்கிறது என்ற தகவல். ஏசி கோளாறு என்பது ஆயுதம் என்று முன்பே பேசி வைத்தது.

இதில் பாதிக்கு மேல் கட்டுப்பாட்டு அறை ஆளின் திறமை. வயர்லெஸ் ஒலிபெருக்கி பின் சீட்டுக்கும் கேட்கும் என்பதை ஒரு நொடி மறந்து “என்னாச்சு, பிரச்சினையா?” என்று கேட்டால் அத்தோடு எல்லாம் போச்சு. குரல் மாறக் கூடாது. அடுத்த நிமிடம் மற்ற வண்டிகளை வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் வயர்லெஸ் திடீரென்று அமைதியாகிவிட்டால் அதுவும் சந்தேகம் கிளப்பும். இதற்கிடையே பக்கத்தில் இருப்பவர் வேறு தொலைபேசியில் போலீசுக்கு வண்டி எண், நிறம், ஜிபிஎஸ் காட்டும் இடம், போகும் திசை, ‘ஓட்டுநருக்கு ஆபத்து, நாங்கள் சொன்னது வண்டிக்குள் தெரியாது’ என்ற கடைசி வரி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரி விட்டுப்போனால் ரோந்து வண்டி சைரனோடு வந்து நிற்கும். சக ஓட்டுநர்கள் விஷயம் தெரிந்தால் கும்பலாகப் போய்ச் சூழ்ந்துகொள்ளத் துடிப்பார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது நாலு டாக்சி குறுக்கே வந்து நிற்பதால் நல்லது நடப்பதைவிடக் கெட்டது நடக்க வாய்ப்பு அதிகம். தூரத்தில் பின்தொடர்ந்து இடத்தை மட்டும் சொல்லச் சொல்வோம்.

விமானிகளுக்கு உலகம் முழுக்க ஒரே எண் இருப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். விமானம் கடத்தப்பட்டால் தரைக்கு அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்று வைப்பார்கள், ரேடார் திரையில் அது தெரிந்துவிடும். அந்த எண் ரகசியமே இல்லை, யாருக்கும் தெரியும். ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் எந்த நேரமும் அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பார்த்ததும் என்ன செய்வது என்பது அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. டாக்சியில் சைகைக்குப் பஞ்சமே இல்லை, அந்த மறுமுனைதான் பல நேரம் காலியாக இருக்கிறது.

செயலியில் சவாரி எடுத்து ஓட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது, அவர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையே கிடையாது. உங்கள் அண்ணன் அந்த வகையாக இருந்தால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஊபர் 2018-இல் அமெரிக்காவில் ஓட்டுநர் செயலியிலும் அவசரப் பொத்தானைச் சேர்த்தது, மற்ற நிறுவனங்களும் பல நாடுகளில் வைத்திருக்கின்றன. ஆனால் போன் எங்கே மாட்டியிருக்கிறது? டேஷ்போர்டில், பயணி பார்க்கும்படி. அதில் விரல் வைத்து மெனுவைத் தேடுவது ரகசியமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இந்தியாவில் ஏஐஎஸ்-140 என்ற தரநிலைப்படி 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு இடம்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம், மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொத்தான்கள் முதன்மையாகப் பயணியை மனதில் வைத்து வந்தவை, பளிச்சென்று கண்ணில் படும்படி இருப்பவை. ஓட்டுநர் கை அங்கே நீண்டால் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் போனின் பக்கவாட்டுப் பொத்தானை நம்புவது மேல். ஆண்ட்ராய்டு 12 முதல் பவர் பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைக்க வழி உண்டு, ஐபோனிலும் ஐந்து அழுத்தங்களுக்கு அமைப்பு இருக்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: அழைப்பு போவதற்கு முன்னால் போன் சத்தமாக அலறி எண்ணத் தொடங்கும் அமைப்பு ஒன்று இருக்கும். தவறுதலாக அழுத்தியவரை எச்சரிக்க வைத்தது அது. டாக்சிக்குள் அது உயிருக்கு உலை. ஆண்ட்ராய்டில் அந்த அலாரம் ஒலியை அணைக்கலாம், ஐபோனில் சத்தமில்லாமல் அழைப்பதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சரிபார்த்து வையுங்கள், சோதிக்கிறேன் என்று அவசர எண்ணுக்கே அழைப்பு போட வேண்டாம். அடுத்து, அழைப்பு போனாலும் பேச முடியாதே? சில நாடுகளில் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் மொபைலிலிருந்து 999 அழைத்துப் பேச முடியாவிட்டால், அழுத்தச் சொல்லிக் கேட்கும்போது 55 அழுத்தினால் அழைப்பு போலீசுக்கு மாற்றப்படும். அழுத்தாவிட்டால் துண்டிக்கப்படலாம். அமெரிக்காவில் பல பகுதிகளில் 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் பேசாத அழைப்பை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அண்ணன் ஒருமுறை விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும், ஊருக்கு ஊர் நடைமுறை மாறும்.

இப்போது சந்தேகத்துக்குரியவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஓட்டுநர்களின் ரகசிய சைகை’ பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த வகை. அபாய விளக்கைப் போட்டபடி ஓட்டுவது, இண்டிகேட்டரை மாற்றிப் போடுவது, ஹெட்லைட்டை மூன்று தரம் அடிப்பது எதற்கும் பொது அர்த்தம் கிடையாது. பார்ப்பவர் வண்டி பழுது என்றோ, ஓட்டத் தெரியாதவன் என்றோதான் நினைப்பார். ஒரே ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் கதை வேறு. பயணி உள்ளே இருக்கும்போதே ‘காலி’ விளக்கு எரிந்தால் கவனி என்று வைத்துக்கொள்வதைப் போல. அதைக் கவனிப்பவர் இன்னொரு ஓட்டுநர் மட்டுமே, அதுவே போதும். போலீஸ் கண்ணெதிரே வேண்டுமென்றே சிக்னலைத் தாண்டுவது என்றொரு யோசனையும் அடிக்கடி வரும். சில சமயம் பலிக்கும், ஆனால் குறுக்குச் சாலையில் வருபவரின் உயிரும் அதில் இருக்கிறது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். இரண்டையும் நான் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. பெட்ரோல் தீரப்போகிறது என்று சொல்லி வெளிச்சமும் ஆளும் கேமராவும் உள்ள பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியை விடுவது அவற்றைவிட எவ்வளவோ மேல், அது பொய்யாகவும் தெரியாது.

கையால் காட்டும் சைகை ஒன்று உண்மையிலேயே பரவியிருக்கிறது. உள்ளங்கையை வெளிப்பக்கம் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன்மேல் மூடுவது. கனடாவின் பெண்கள் அறக்கட்டளை ஒன்று 2020-இல் வீட்டு வன்முறைக்கு ஆளாகிறவர்கள் வீடியோ அழைப்பில் காட்டுவதற்காகக் கொண்டுவந்தது. 2021 நவம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், காரில் இருந்த 16 வயதுப் பெண் இதைக் காட்ட, பின்னால் வந்தவர் புரிந்துகொண்டு 911-ஐ அழைத்து அவள் மீட்கப்பட்டாள். ஆக, பலித்திருக்கிறது. ஆனால் ஓட்டுநருக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கை ஸ்டியரிங்கில், அதன்மேல்தான் பின்னால் இருப்பவன் கண். சுங்கச்சாவடியில் பணம் நீட்டும் நொடியில் முடியலாம், மற்றபடி கடினம். இன்னொன்று முழுப் பொய்: ஏடிஎம்மில் ரகசிய எண்ணைத் தலைகீழாகப் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும் என்பது. ஓட்டுநரை ஏடிஎம்முக்கு இழுத்துப்போகும் கொள்ளைகள் நடப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைகீழ் எண் வெறும் தவறான எண், கத்தி வைத்திருப்பவனுக்குக் கோபம்தான் வரும்.

சைகை பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்று மறந்துபோகும்: இது ஆபத்து வந்த பிறகான ஏற்பாடு. மற்ற தொழிலாளர்களைவிட டாக்சி ஓட்டுநர் வேலையில் கொல்லப்படும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அங்கேயே 26 நகரங்களின் 1996 முதல் 2010 வரையிலான விவரங்களை ஒப்பிட்ட ஆய்வில், வண்டிக்குள் கேமரா பொருத்திய நகரங்களில் ஓட்டுநர் கொலை விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே தடுப்பு வைத்த நகரங்களில் அப்படித் தெரியவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது, தடுப்பைத்தான் பெரிதாக நம்பிக்கொண்டிருந்தேன். முகம் பதிவாகிறது என்று பயணிக்குத் தெரியும்படி ஒட்டிய ஸ்டிக்கரும், கண்ணில் படும் கேமராவும் எந்த ரகசிய விளக்குக்கும் முன்னால் வர வேண்டியவை. பணம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், வண்டியைக் கேட்டால் சாவியோடு விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் சரி என்று தலையாட்டுவார், மறுநாளே மறந்துவிடுவார். திரும்பவும் சொல்லுங்கள்.

சைகையை அண்ணனுக்கு எப்படி அமைத்துத் தரலாம் என்பதற்கு என் யோசனை இது. வேலை நேரத்தில் வாட்ஸ்அப்பில் நேரலை இடத்தைப் பகிரலாம், அதிகபட்சம் 8 மணி நேரம் ஓடும். கூகுள் மேப்ஸில் நிறுத்தும்வரை தொடரும்படியும் வைக்கலாம். பார்ப்பதற்கு இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் அந்த நேரத்தில் விழித்திருப்பவராக, முடிந்தால் சக இரவு ஓட்டுநராக இருக்கட்டும். அடுத்து, பின்னால் இருப்பவன் காதில் விழுந்தாலும் பொருட்படுத்தத் தோன்றாத ஒரு வாக்கியம், அதற்கு நீங்கள் சொல்லும் பதில், ஆம் இல்லை என்று பதில் வரும்படியான மூன்று கேள்விகள், அழைப்பு முடிந்ததும் எந்த எண்ணுக்கு யார் பேசுவது என்பது வரை ஒரு தாளில் எழுதுங்கள். அதை வண்டியில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் நாக்கில் வராது. கூடவே ரத்து செய்ய வேறொரு வாக்கியமும் வேண்டும். தெரியாமல் சைகை போய்விட்டால் “சும்மா, தெரியாம அழுத்திட்டேன்” என்று அண்ணன் சொல்வதை ஏற்றுக்கொள்ளக் கூடாது, கத்தியைக் காட்டிச் சொல்லச் சொன்னாலும் அதே வாக்கியம்தானே வரும். ரத்து வாக்கியம் வராதவரை ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு அவசர எண்ணை அழையுங்கள். போலீஸ் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திட்டிவிட்டுப் போனால் போகட்டும்.